பிளாக்கை மாத்தணுமா, ஸ்லீவ் போடலாமா?

பழைய ஸ்பிளெண்டர் ஆயில் குடிச்சு நீலப் புகை தள்ளினா என்ன செய்வீங்க? லேத் பட்டறையில் ரீபோர் பண்ணி, 0.25 அல்லது 0.50 மி.மீ. பெரிய பிஸ்டன் போடுவீங்க. உள்ளே இருப்பது வார்ப்பிரும்பு ஸ்லீவ், அதனால் கடைசல் தாங்கும்.

கேடிஎம் டியூக்கில் கதை வேறு. அலுமினிய பிளாக்கின் உட்சுவரில் நிக்கலோடு சிலிக்கான் கார்பைடு கலந்த மெல்லிய பூச்சு. சிலிக்கான் கார்பைடு நம்ம விருத்தாசலத்துக்குச் சொந்தக்காரன் மாதிரி, அதுவும் செராமிக்தான். சீக்கிரம் தேயாது. ஆனா ஆழமா கோடு விழுந்தா ரீபோர் முடியாது, பூச்சே போயிடும். பிளாக்கையே மாத்தணும் என்பதுதான் வழக்கமான பதில். சில பட்டறைகள் அதற்குள் இரும்பு ஸ்லீவ் இறக்குகின்றன.

"லோக்கல் வேலை"ன்னு சிரிக்காதீங்க, அளந்து பாருங்க. வார்ப்பிரும்பு சூட்டில் விரிவது அலுமினியத்தில் ஏறத்தாழ பாதிதான். வெப்பத்தையும் மெதுவாகவே கடத்தும். ஸ்லீவின் இறுக்கம், பிஸ்டன் இடைவெளி, ரிங் எல்லாத்தையும் மறுபடி கணக்குப் போடணும். தப்பினா எஞ்சின் சீஸ் ஆகும். அந்தக் கணக்கைத்தான் நாம செமஸ்டருக்குப் படிச்சு மறக்கிறோம்!

எல்லாத்தையும் ரிப்பேர் பண்ணுங்கன்னு சொல்லலை. ஸ்பார்க் பிளக்கின் வெள்ளை இன்சுலேட்டர் சுட்ட அலுமினா. விரிசல் விட்டா ஒட்ட முடியாது, மாத்தித்தான் ஆகணும். இது செராமிக் ஊர்க்காரங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டிய விஷயமில்லை.

2022 டிசம்பரில் ஒன்றிய அரசு தொடங்கிய ரிப்பேர் உரிமை இணையதளத்தில் வாகனத் துறையும் உண்டு. தளம் வந்தாச்சு. அளக்கத் தெரிஞ்ச கைதான் பாக்கி. அது உங்க கை.