தள்ளிய கை... பிடித்த கை!

பாவ்லோ டி கானியோவைத் தெரியுமா பாஸ்? இத்தாலிக்காரர். ஒரே ஆள்... ரெண்டு முகம்!

1998 செப்டம்பர். ஷெஃபீல்டு வெட்னஸ்டே அணிக்காக ஆர்சனலோடு ஆடும்போது, ரெட் கார்டு காட்டிய ரெஃப்ரி பால் அல்காக்கைத் தள்ளிவிட்டார். ரெஃப்ரி தடுமாறிப் பின்னாலேயே போய் விழுந்தார். 11 மேட்ச் தடை. பேர் மொத்தமும் ரிப்பேர்!

2000 டிசம்பர். இப்போ அவர் வெஸ்ட் ஹாம் அணியில். எவர்ட்டனோடு 1-1. ஆட்டம் முடியப்போற நேரம். எதிரணி கோல்கீப்பர் பால் ஜெரார்டு அடிபட்டுக் கிடக்கிறார். பந்து நேரா டி கானியோகிட்டே வருது. அடிச்சா ஜெயிக்கலாம். ஆனா மனுஷர் பந்தைக் கையால பிடிச்சு, ஆட்டத்தையே நிறுத்திட்டார்! எவர்ட்டன் ரசிகர்களே எழுந்து நின்னு கைதட்டினாங்க. 2001-ல் ஃபிஃபாவின் ஃபேர் ப்ளே விருதும் கிடைச்சது.

நம்ம கதைக்கு வருவோம். போன மாசம் டிபார்ட்மென்ட் மேட்ச். என் கால்ல பட்டு வெளியே போன பந்தை, 'எங்க த்ரோ'ன்னு சத்தியம் பண்ணி வாங்கினேன். அதிலிருந்துதான் கோல். ஜெயிச்சோம். ஆனா, மெக்கானிக்கல் பசங்க மூஞ்சியை இன்னும் நேரா பார்க்க முடியலை.

இன்னிக்கு கேன்டீன்ல உண்மையைச் சொல்லிடப் போறேன். தள்ளின கை பந்தைப் பிடிக்கலாம்னா, பொய் சொன்ன வாய் உண்மை பேசக் கூடாதா?