காட்டும் விளக்கே குடிக்கலாமா?

பற்றரியில் எவ்வளவு மின் மிஞ்சியுள்ளது என்று காட்டும் சிறு விளக்குகள் பொருத்திய சோலார் பெட்டிகள் பல எம்மக்களிடம் வந்து சேர்கின்றன. பார்வைக்கு அழகானவைதான். ஆனால் இரவு பகலாக எரிந்துகொண்டிருக்கும் அளவுகாட்டி, இடம்பெயர்ந்து கொட்டிலில் வாழும் குடும்பத்துக்கு உதவியல்ல, உபத்திரவம் என்பதே எமது கருத்து.

கணக்கைப் பாருங்கள். 10 மில்லி அம்பியர் எடுக்கும் ஓர் எல்.ஈ.டி. விளக்கு ஒரு நாளில் 0.24 அம்பியர் மணி குடிக்கும். 30 நாளில் 7.2. வேறெந்த வேலையும் செய்யாமல் வைத்திருந்தாலே, 12 வோல்ற், 7 அம்பியர் மணிப் பற்றரியை இந்த ஒற்றை விளக்கு ஒரு மாதத்தில் முடித்துவிடும். முற்றாக இறங்கிய ஈய அமிலப் பற்றரியை அப்படியே விட்டால் தகடுகளில் ஈயச் சல்பேற்று இறுகிப் படியும். பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய கொள்ளளவு வராது. அடுத்த பற்றரிக்குக் கடன்தான்.

குப்பி விளக்கில் மண்ணெண்ணெய் குறைவது கண்ணுக்குத் தெரியும். 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் ஜாம் போத்தலில் விளக்குச் செய்து, துளித்துளியாக எண்ணிப் பாவித்தவர்கள் எம்மவர். உலர் பற்றரிகளும் தடைப்பட்டியலில் இருந்தபடியால் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டார்கள். (பத்துக் கன்னியர் உவமையிலும் எண்ணெய் தீர்வதையாவது கண்ணால் கண்டார்கள்!) பற்றரியோ வெளியே எதையும் சொல்லாது. ஆகவே அளவுகாட்டி வேண்டும். கேட்டால் மட்டும் பதில் சொல்லும் அளவுகாட்டி வேண்டும்.

அதற்கு வழி, அமுக்கும்போது மட்டும் இணையும் ஓர் ஆளி. அழைப்பு மணிக்குப் பூட்டுகிறோமே, அந்த வகை. பற்றரியின் நேர்முனைக்கும் சுற்றுக்கும் இடையில் அதைப் பூட்டினால், கையை எடுத்ததும் மின்னோட்டம் பூச்சியம். எந்த விலையுயர்ந்த சில்லும் இதைவிட மிச்சம் பிடிக்காது.

அடுத்தது துல்லியம். ஓய்ந்திருக்கும் 12 வோல்ற் பற்றரி நிறைந்திருக்கையில் ஏறத்தாழ 12.7 வோல்ற்றும் பாதியில் 12.2 வோல்ற்றும் காட்டும். இடைவெளி அரை வோல்ற்றுத்தான். செனர் இருவாயியையும் எல்.ஈ.டி.யையும் கோத்த மலிவுச் சுற்று மெல்ல மெல்ல மங்குமே தவிர, எல்லையைச் சொல்லாது. ரி.எல். 431 என்ற மூன்று கால் உறுப்பு நல்லது. அதன் ஒப்பீட்டுக் காலுக்கு நேர்ப்பக்கத்திலிருந்து 39 கிலோ ஓம் தடையியும், அதே காலிலிருந்து மறைமுனைக்கு 10 கிலோ ஓம் தடையியும் இட்டால் எல்லை 12.2 வோல்ற்றில் அமையும். அனோட்டுக் கால் மறைமுனைக்கு. நேர்ப்பக்கத்திலிருந்து 2.2 கிலோ ஓம் தடையி, சிவப்பு எல்.ஈ.டி. வழியாக கதோட்டுக் காலுக்கு. எல்.ஈ.டி.க்குச் சமாந்தரமாக 1 கிலோ ஓம் இடாவிட்டால், இறங்கிய பற்றரியிலும் அது மினுக்கென்று பொய் சொல்லும். எல்லையைத் தீர்மானிக்கும் இரு தடையிகளும் 1 வீத வகையாக இருக்கட்டும். 5 வீத வகை ஒரு வோல்ற் வரை பிழைக்கலாம். பிறகு அளந்து என்ன பயன்?

விளக்கு எரிந்தால் பாவிக்கலாம். எரியாவிட்டால் நிறுத்தி, சார்ஜ் ஏற்ற வேண்டும். விடியற்புறம், வெயில் தகட்டில் படுமுன், பாவனை நின்று ஒரு மணித்தியாலமாவது கழிந்தபின் அமுக்கிப் பாருங்கள். சார்ஜ் ஏறும்போது பார்த்தால் கூட்டிக் காட்டும். பாவிக்கும்போது பார்த்தால் குறைத்துக் காட்டும்.

“சனங்கள் அமுக்க மறந்துவிடுவார்கள்” என்பது சில உதவியாளர்களின் வாதம். நாள்தோறும் வரம்பில் நின்று வயலின் நீர்மட்டம் பார்த்தவர்களைப் பற்றியா இந்தப் பேச்சு? பெட்டி தர வருபவர்களிடம் தயங்காமல் கேளுங்கள்: எல்லாவற்றையும் நிறுத்திய பிறகும் எந்த விளக்காவது எரிகிறதா? எரிந்தால், ஊரில் வானொலி திருத்துபவரைக் கொண்டு அந்த விளக்கின் கம்பியில் ஓர் அமுக்கு ஆளியை ஒட்டுவித்து வாங்குங்கள். அரை மணித்தியால வேலை அது.