கேம்பர் ஆர்மும் சில கிறுக்குப் பயபுள்ளைகளும்

டிஸ்கி: "நாலு சக்கரமும் சுத்துனாப் போதும்" கட்சிக்காரங்க இப்பவே அப்பீட்டு ஆயிக்கலாம். கொஞ்சம் கிரீஸ் அப்புன பதிவு இது. கோவத்துல வேற எழுதுறேன், அங்கிட்டு இங்கிட்டு போகும், பொறுத்துக்கங்க.

போன மாசம் ஆணி கொஞ்சம் கம்மியா இருந்துச்சுன்னு ரெண்டு நாள் லீவு போட்டுட்டு வாடிப்பட்டிக்குப் போயிருந்தேன். அத்தை, அத்தை மகன், நான் மூணு பேரும் திண்டுக்கல்ல ஒரு விசேஷத்துக்குப் போயிட்டு ராத்திரி திரும்புறோம். வண்டி மச்சானோடது. 2005 அக்கார்டு, செகண்ட் ஹேண்டுல வாங்கி ரெண்டு இஞ்ச் இறக்கி, மினுமினுன்னு வச்சிருக்கான். கொடைரோடு டோல்கேட் தாண்டி நாலு வழிச் சாலைல தொண்ணூறுல வர்றோம். பொத்துன்னு ஒரு சத்தம். முன்னாடி இடது பக்க டயர் போச்சு. பின்னாடியே லாரி. மச்சான் பிரேக்கை மிதிக்காம ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிச்சு ஓரங்கட்டினதால இன்னிக்கு நான் பதிவு எழுதிக்கிட்டு இருக்கேன். அத்தை ஒரு வார்த்தை பேசல. வீடு வர்ற வரைக்கும் முருகா முருகாதான்.

இறங்கி செல்போன் லைட்டடிச்சுப் பார்த்தா, டயரோட வெளிப்பக்கம் பட்டன் அப்படியே புதுசா இருக்கு. உள்பக்கம் ரெண்டு விரக்கடை அகலத்துக்கு வழவழன்னு தேய்ஞ்சு கம்பி பல்லைக் காட்டுது. டயர் போட்டு நாலு மாசம்தான் ஆச்சு.

"மச்சான், இதை எப்படிடா கவனிக்காம விட்ட?"

"அதான் கேம்பர் ஆர்ம் போட்டாச்சே மாப்ள. இனிமே தேயாதுன்னு சொன்னாய்ங்களே!"

சொன்னாய்ங்களே. இந்த ஒரு வார்த்தைதான் இந்தப் பதிவுக்குக் காரணம்.

யார் சொன்னது? பார்ட்ஸ் வித்தவன், மாட்டிக் கொடுத்தவன், அதே மாதிரி வண்டி வச்சிருக்குற நாலு பேரு. எல்லாருக்கும் ஒரே மந்திரம். வண்டியை இறக்குனா கேம்பர் வரும், கேம்பர் வந்தா டயரைத் தின்னும், கேம்பர் ஆர்ம் போட்டா சரியாயிரும். இதுல முதல் பாதி உண்மை. ரெண்டாவது பாதிதான் அத்தையை முருகான்னு கூப்பிட வச்சது.

உண்மையான பாதியை முதல்ல பார்ப்போம். அக்கார்டுல முன்னாடி டபுள் விஷ்போன். சக்கரத்தை மேல ஒரு ஆர்ம், கீழ ஒரு ஆர்ம் பிடிச்சிருக்கும். மேல இருக்கறது குட்டை, கீழ இருக்கறது நீளம். வண்டி கீழ இறங்க இறங்க, குட்டை ஆர்ம் சின்ன வட்டத்துல சுத்தி சக்கரத்தோட தலையை உள்ள இழுக்கும். சக்கரம் உள்பக்கமா சாஞ்சு நிக்கும். அதான் நெகட்டிவ் கேம்பர். ஆர்மை நீட்டக் குறைக்க முடிஞ்சா தலையை மறுபடி வெளிய தள்ளிரலாம். கேம்பர் ஆர்ம்னா இவ்வளவுதான், மாயம் மந்திரம் ஒண்ணும் கிடையாது.

(நடுவுல ஒண்ணு. ஸ்விஃப்ட்டை இறக்கி வச்சுக்கிட்டு கேம்பர் ஆர்ம் தேடுற தம்பிகளா, உங்க வண்டில மேல ஆர்மே கிடையாதுய்யா! அது மெக்ஃபர்சன் ஸ்ட்ரட். மாருதி 800 காலத்துல இருந்து நம்ம ஊரு சின்னக் கார் முக்கால்வாசி அப்படித்தான். ஸ்ட்ரட்டும் நக்கிளும் சேர்ற இடத்துல போடுற கேம்பர் போல்ட்டை விசாரிங்க. ஒரு டிகிரி, ஒண்ணரை டிகிரி அதுலயே கிடைக்கும். இல்லாத ஆர்முக்கு காசு கட்டி பார்சலுக்கு காத்திருந்த பயலை எனக்கு நேர்லயே தெரியும். அவ்வ்வ்வ்...)

இப்ப பொய்யான பாதி. டயரைத் தின்றதுல பெரிய பங்கு கேம்பருக்கு இல்லை, டோவுக்கு. ரெண்டு முன்சக்கரமும் நேரா பார்க்குதா, ஒண்ணையொண்ணு பார்க்குதா, முறைச்சுக்கிட்டு ஆளுக்கொரு பக்கம் திரும்பியிருக்கா, அதுதான் டோ. மறுநாள் காலைல வேற டயர் போட்டு, மதுரைல ஒரு நல்ல அலைன்மென்ட் கடைல ஏத்தினோம். கேம்பர் மைனஸ் அரை டிகிரி, அழகா இருக்கு. டோ? மொத்தம் 6 மில்லிமீட்டர் வெளிய பிளந்து நிக்குது.

இஞ்சினியரிங் படிச்சதுக்கு ஒரு கணக்காவது போடணும்ல? 16 இஞ்ச் ரிம்னா சுமார் 400 மில்லிமீட்டர். 6-ஐ 400-ஆல வகுத்து ரெண்டு சக்கரத்துக்கும் பங்கு போட்டா ஆளுக்கு 0.0075. அதாவது ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒவ்வொரு டயரும் ஏழரை மீட்டர் பக்கவாட்டுல தரையில தேய்ச்சு இழுபடுது. வாடிப்பட்டில இருந்து மதுரைக்கு 25 கிலோமீட்டர்னு வச்சா போக வர 375 மீட்டர். மச்சான் தினமும் வேலைக்குப் போற தூரம் அதுதான். டயரைக் கழட்டி ரோட்டுல தினம் 375 மீட்டர் தேய்ச்சா என்ன மிஞ்சும்? ஏழரைங்கற நம்பரைப் பார்த்ததும் அத்தை சனிப் பெயர்ச்சியை இழுத்தது தனிக்கதை.

சரி, டோ ஏன் கெட்டுச்சு? இறக்கும்போதே டை ராடு ஒரு வட்டத்துல போகும், ஆர்ம் வேற வட்டத்துல போகும், அதனால டோ மாறும். அப்புறம் கேம்பர் ஆர்மைத் திருகி சக்கரத்தோட தலையை வெளிய தள்ளுறப்ப மறுபடி மாறும். கேம்பரைத் தொட்டா டோவைத் தொட்டே ஆகணும். மாட்டுன ஆளு கேம்பரை மட்டும் கேஜ் வச்சுப் பார்த்துட்டு "முடிஞ்சுச்சு தம்பி, எடுத்துட்டுப் போ"ன்னு அனுப்பிட்டாரு. ஆர்ம் ஜோடிக்கு ஆயிரக்கணக்குல கொட்டினவனுக்கு, அதுல சின்னப் பங்குகூட ஆகாத அலைன்மென்ட்டுக்கு மனசு வரல. இதை என்னன்னு சொல்றது?

இன்னொரு கூத்து. மச்சான் போட்டிருந்த ஆர்ம், பால் ஜாயிண்ட்டை நீளத் துளைல நகர்த்தி போல்ட்டை இறுக்குற வகை. மலிவு. ஆனா நம்ம ஊருல எழுதாம கொள்ளாம முளைக்குற வேகத்தடையில நாலு தடவை தொம்முனு விழுந்தா போல்ட் நழுவும். நழுவினா நேத்து மைனஸ் அரையா இருந்தது இன்னிக்கு மைனஸ் ரெண்டு, உங்களுக்குத் தெரியவும் தெரியாது. ஆர்மையே மரை திருகி நீட்டுற வகை கிடைச்சா அதை வாங்குங்க. மரை போதுமான அளவு உள்ள இருக்கணும், கடைசி ரெண்டு சுத்துல தொங்கக் கூடாது. லாக் நட் இருக்கணும். பால் ஜாயிண்ட் தனியா மாத்துற மாதிரி இருக்கணும், இல்லைன்னா ஒரு பூட் கிழிஞ்சதுக்கு ஆர்மையே தூக்கிப் போடணும். ரேஸ் வண்டில போடுற உருண்டை ஜாயிண்ட் பார்க்க ஜோரா இருக்கும், நம்ம செம்மண் தூசில கொஞ்ச நாள்ல கடகடன்னு ஆட ஆரம்பிச்சிரும். ரப்பர் புஷ்ஷே போதும். அப்புறம், இறக்குன ஹோண்டால மேல் ஆர்ம் ஃபெண்டருக்கு உள்ள பாடியில இடிக்கும், மாட்டுறதுக்கு முன்னாடி அந்த இடைவெளியைப் பாருங்க. மச்சான் வண்டில அந்த இடத்துல பெயிண்ட் போயி தகரம் சொட்டையாகியிருந்துச்சு.

மாட்டுறப்பவும் ஒரு முறை இருக்கு. வண்டி எந்த உயரத்துல நிக்கப்போகுதுன்னு முதல்ல முடிவு பண்ணணும். புது ஸ்பிரிங் உக்கார கொஞ்ச நாள் விடணும். காத்து சரியா அடிச்சு, வண்டி தன் கால்ல நிக்கறப்பதான் புஷ் போல்ட்டைக் கடைசியா இறுக்கணும். ஜாக்கில தொங்கவிட்டு இறுக்கினா ரப்பர் முறுக்கிக்கிட்டே இருந்து கிழிஞ்சிரும். கேம்பர், காஸ்டர் பார்த்துட்டு, டோ எப்பவும் கடைசி. லாக் நட்டுல ஒரு கோடு பெயிண்ட் வச்சு, 500 கிலோமீட்டர் கழிச்சு கோடு நகர்ந்திருக்கான்னு பாருங்க.

"ரேஸ்ல எல்லாம் கேம்பர் வச்சுத்தானே ஓட்டுறாய்ங்க"ன்னு ஒரு கோஷ்டி கிளம்பும். கோயமுத்தூர் கரி ஸ்பீட்வேல வளைவுக்கு மேல வளைவு, டயரும் தினம் ஆபீஸ் போற டயர் இல்ல. அங்கயே அளவுக்கு மிஞ்சினா வினைதான். 2011 பெல்ஜியம் கிராண்ட் ப்ரீல பிரெல்லிக்காரன் முன் சக்கரத்துக்கு 4 டிகிரிக்கு மேல வேண்டாம்னு சொல்லியும் ரெட் புல் தாண்டி வச்சு டயர் கொப்புளிச்சிருச்சு. வெட்டல் ஜெயிச்சது வேற விஷயம். அவங்களுக்குப் பின்னாடி டயரோட ஒரு பட்டாளமே நிக்கும். நமக்கு கொடைரோடு தாண்டி ராத்திரில யாரு நிப்பா?

எதிர்க்கட்சிக்கும் ஒரு குட்டு. "வண்டியை இறக்குறதே தப்பு, கம்பெனி கொடுத்தபடி ஓட்டு"ன்னு அட்வைஸ் பண்றவங்க. மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவு இருக்கு, 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டும் கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுன்னு கறாரா சொல்லியிருக்கு. இறக்குறவன் அதைத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் இறக்கணும், ஒத்துக்கறேன். ஆனா இறக்காத வண்டில டோ சரியா இருக்கான்னு நீங்க கடைசியா எப்ப பார்த்தீங்க சாமி? அலைன்மென்ட் கடைல ஏறினா, "கேம்பர் அட்ஜஸ்ட் இல்ல சார்"னு சொல்லி கம்ப்யூட்டர் பேப்பரை நீட்டுவாய்ங்க. முன்னாடி பின்னாடி நம்பர் என்னன்னு படிச்சுப் பார்க்காம மடிச்சு டேஷ்போர்டுல போடுறவங்கதான் நாம பாதிப் பேரு.

என்னைக் கேட்டா, ஒண்ணரை இஞ்ச், ரெண்டு இஞ்ச் இறக்கினவன் முதல்ல டோவை மட்டும் சரி பண்ணி 2000 கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்க. மைனஸ் ஒண்ணு, ஒண்ணரை கேம்பரோட டயர் நல்லாவே உழைக்கும். டோ சரியா இருந்தும் ரெண்டு டிகிரிக்கு மேல சாஞ்சு நிக்குது, இல்ல இடதுக்கும் வலதுக்கும் அரை டிகிரிக்கு மேல வித்தியாசம், அப்ப ஆர்ம் வாங்குங்க.

மச்சான் இப்ப மரை வகை ஆர்ம் தேடிக்கிட்டு இருக்கான். ஸ்பிரிங்கை மாத்தி அரை இஞ்ச் ஏத்திட்டான். வாராவாரம் ஸ்டியரிங்கை ஒடிச்சு வச்சு டயரோட உள்பக்கத்தைக் கையால தடவிப் பார்த்து எனக்கு போட்டோ அனுப்புறான். அத்தை மட்டும் இன்னும் அந்த வண்டில ஏற மாட்டேங்குது. போன ஞாயித்துக்கிழமை சோழவந்தானுக்கு டவுன் பஸ்லதான் போச்சாம்.