திருட்டு போட்டோஷாப்பும் எங்க ஊர் ஸ்டூடியோவும்

எளாவூர்னு சொன்னா பாதிப் பேருக்கு செக்போஸ்ட் ஞாபகம் வரும். மீதிப் பேருக்கு ஒண்ணும் வராது :) சென்னையிலிருந்து கூடூர் போற ரயில் பாதையில, கும்மிடிப்பூண்டி தாண்டி வர்ற ஸ்டேஷன். கிழக்கால போனா பழவேற்காடு ஏரி. அதான் நம்ம ஊரு.

எங்க பெரியப்பா பையன், எனக்கு அண்ணன், அங்க ஒரு சின்ன ஸ்டூடியோ வச்சிருக்கார். பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, மஞ்சள் நீராட்டு பேனர், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், சீசன்ல கல்யாண ஆல்பம். ஏரிக்கரை குப்பங்கள்ல இருந்து மீனவர் அடையாள அட்டைக்குப் போட்டோ எடுக்க வருவாங்க. இருக்கிறது ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு ஸ்கேனர். அம்புட்டுதான் கம்பெனி.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். அண்ணன் கடை வாசல்ல உட்கார்ந்திருந்தார். "தம்பி, எல்லாம் போச்சுடா"ன்னார். பொட்டியைத் திறந்து பார்த்தா எல்லா ஃபைலுக்கும் பின்னாடி ஏதோ புரியாத வால். நடுத்திரையில ஒரு கடிதம், பணம் கட்டினா திறந்து தருவோம்னு. புது போட்டோஷாப்போட கிராக்னு எதையோ இறக்கி, அதுல சொன்ன மாதிரியே ஆன்டிவைரஸை அணைச்சுட்டு ஓட்டியிருக்கார். பேக்கப் கிடையாது. இருந்த ஹார்டு டிஸ்க்கும் அப்ப பொட்டியிலதான் செருகியிருந்தது.

மூணு கல்யாண ஆல்பம் பாக்கி. ஒண்ணு கேமரா கார்டுல அழிக்காம இருந்ததால தப்பிச்சது. மத்த ரெண்டும் போயே போச்சு. அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தார். முகூர்த்தத்தை எப்படித் திருப்பிக் கொடுக்கறது?

இதுல எனக்கு உறுத்துன விஷயம் வேற. அவருக்கு முதல் திருட்டு டிவிடியை எரிச்சுக் கொடுத்தவன் நான். இன்ஜினியரிங் ரெண்டாவது வருஷம். போட்டோஷாப் 7, அதாவது 2002ல வந்த வெர்ஷன். "ஆன்டிவைரஸ் கத்தும்ணே, அணைச்சுட்டுப் போடுங்க"ன்னு பெரிய மேதாவி மாதிரி சொல்லிக்கொடுத்ததும் நான்தான். நான் சொன்னதை அவர் மறக்கலை. அவ்வளவுதான் நடந்தது.

நம்மில் எத்தனை பேர் இந்தப் பாவத்தைச் செஞ்சிருக்கோம்? ஆபீஸ்ல லைசென்ஸ் இல்லாம ஒரு ஜிப் சாஃப்ட்வேர் கூடப் போட மாட்டோம். ஊருக்குப் போனா மட்டும் சித்தப்பா, மாமா எல்லார் பொட்டியிலும் கிராக் போட்டுக் கொடுத்து காபி குடிச்சுட்டு வருவோம். அதுக்குப் பேரு உதவி!

சரி, கதைக்கு வர்றேன். அன்னிக்கு சாயங்காலம் ஒரு ஆயா வந்தாங்க. ஏரிப்பக்கம் குப்பத்துல இருந்து. தவறிப்போன புருஷன் போட்டோவைப் பெருசாக்கக் கொடுத்திருந்தாங்க. நாளைக்கு மறுநாள் வருஷ திதி. அண்ணன் மூணு நாளா சரிபண்ணி வச்சிருந்த ஃபைலும் மத்ததோட போச்சு. நல்லவேளை, ஒரிஜினல் மேசை டிராயர்ல இருந்தது. நடுவுல மடிப்பு, ஒரு கன்னத்துல பூஞ்சை. "அவுரோட வேற போட்டோ இல்ல கண்ணு"ன்னாங்க.

ராத்திரி என் லேப்டாப்ல ஜிம்ப் திறந்தோம். திரும்ப ஸ்கேன் பண்ணி, பூஞ்சைக்கு ஹீல் டூல், மடிப்புக்கு குளோன் டூல். முதல் அரை மணி நேரம் அண்ணன் திட்டிக்கிட்டே இருந்தார். தேடினது தேடின இடத்துல இல்ல, ஷார்ட்கட் எல்லாம் வேற. அப்புறம் திட்டறது நின்னுபோச்சு. ரெண்டு மணிக்கு வேலை முடிஞ்சது. கீழே பேரை யூனிகோட் தமிழ்லயே அடிச்சோம். கொம்பு, கால் எல்லாம் சரியான இடத்துல நின்னதைப் பார்த்து அவருக்கு ஆச்சரியம். பழைய போட்டோஷாப்ல யூனிகோட் தமிழ் உடைஞ்சுபோகும். அதனாலதான் நம்ம ஊரு டிசைனருங்க இன்னமும் பாமினியைக் கட்டிக்கிட்டு அழறாங்க.

அப்புறம் அண்ணன் கேட்டார் பாருங்க ஒரு கேள்வி: "சும்மா கொடுக்கறான்னா இதுல அவனுக்கு என்னடா லாபம்?"

நியாயமான கேள்வி. 1995ல பெர்க்லி பல்கலைக்கழகத்துல ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மாட்டிஸ்னு ரெண்டு மாணவர்கள் ஆரம்பிச்சது, முப்பது வருஷமா யார் யாரோ சேர்ந்து வளர்த்துக்கிட்டு இருக்காங்கன்னு சொன்னேன். அவருக்கு ஏறலை. கடைசியில ஏரியைக் காட்டினேன். பழவேற்காட்டுல பாடு முறைன்னு ஒண்ணு உண்டு. மீன் நிறைய விழற இடத்துல யார் எப்ப வலை கட்டறதுன்னு சீட்டுப் போட்டு, முறை வச்சுப் பிரிச்சுக்குவாங்க. ஏரி யாரோட சொத்தும் இல்ல, ஆனா கட்டுப்பாடு இல்லாத இடமும் இல்ல. ஜிம்ப்போட ஜிபிஎல் உரிமமும் கிட்டத்தட்ட அப்படித்தான். எடுத்துக்கலாம், மாத்தலாம், விக்கக்கூட செய்யலாம். ஆனா மாத்தினதை அடுத்தவனுக்குக் கொடுக்கும்போது மூலநிரலையும் அதே உரிமையையும் சேர்த்துக் கொடுக்கணும். ஒரு வித்தியாசம், பாட்டுல பங்கு வேணும்னா அந்தந்த ஊர், அந்தந்த சாதியில பிறந்திருக்கணும். இங்க அந்தத் தொல்லை இல்ல. "அட, இப்படிச் சொல்ல வேண்டியதுதானே"ன்னார்.

ஜிம்ப் இருந்தா எல்லாம் சரியாயிடும்னு நான் ஜல்லியடிக்க மாட்டேன். அண்ணன் கடையில உண்மையா இடிச்ச இடங்கள் இவை:

ஒண்ணு, கல்யாண ஆல்பம். கரிஸ்மா ஆல்பத்துக்கு டிவிடி டிவிடியா டெம்ப்ளேட் விக்கறாங்க, எல்லாம் பிஎஸ்டி ஃபைல். ஜிம்ப் திறக்கும், ஆனா எழுத்து லேயரெல்லாம் வெறும் படமா மாறிடும். அதுக்கு பிரவுசர்லயே ஓடற போட்டோபியா நல்ல துணை. இவான் குட்ஸ்கிர்னு ஒரே ஒருத்தர் ஆரம்பிச்சது. விளம்பரம் வரும், மூலநிரல் கிடையாது, ஆனா பிஎஸ்டியைப் பெரும்பாலும் ஒழுங்காத் திறக்கும்.

ரெண்டு, அச்சு. முழு வேலையையும் சிஎம்ஒய்கேயிலயே செய்யற வசதி ஜிம்ப்ல இன்னும் இல்ல. 2025 மார்ச்ல வந்த 3.0ல கலரை அச்சுக்கு எப்படி வரும்னு பார்க்கலாம், சில வகை ஃபைலா அப்படியே ஏற்றுமதியும் பண்ணலாம். அவ்வளவுதான்.

மூணு, பேனருக்கு ஜிம்ப்பே தப்பான கருவி. எழுத்தும் கோடும் எவ்வளவு பெருசாக்கினாலும் உடையாம இருக்க இங்க்ஸ்கேப் வேணும். கோரல்டிராவுக்குப் பதிலா அதைக் கத்துக்கலாம்.

பாஸ்போர்ட் போட்டோவுக்கு இதெல்லாம் தேவையே இல்ல. 35க்கு 45 மில்லிமீட்டர், 300 டிபிஐன்னா 413க்கு 531 பிக்சல். 6க்கு 4 இன்ச் பேப்பர்ல எட்டு படம் உட்காரும். ஒரு தடவை ஜிம்ப்ல டெம்ப்ளேட் செஞ்சு வச்சோம், இப்ப கடையில வேலை செய்யற பையனே பண்ணிடறான்.

"அஃபினிட்டிதான் இலவசமாச்சே"ன்னு சிலர் கேக்கறீங்க. 2024ல கேன்வா அதை வாங்கிச்சு, 2025 அக்டோபர்ல இலவசமாக்கிச்சு. நல்ல சரக்குதான், பயன்படுத்துங்க. ஆனா அது ஒரு கம்பெனியோட தாராள மனசு. மனசு மாறலாம். 2013ல அடோபி இனிமே சந்தாதான்னு சொன்னப்ப யாரையாவது கேட்டுக்கிட்டா சொன்னாங்க? ஜிம்ப்பை அப்படி யாரும் நம்மகிட்ட இருந்து பிடுங்க முடியாது. ஓசிக்கும் சுதந்திரத்துக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

இன்னொரு வெட்கக்கேடும் சொல்லிடறேன். அரசோட இலவச லேப்டாப் திட்டத்தை 2011ல எங்க திருவள்ளூர் மாவட்டத்துலதான் ஆரம்பிச்சு வச்சாங்க. பிளஸ் டூவுல எனக்கும் ஒண்ணு வந்தது. விண்டோஸ் பக்கத்துலயே சி-டாக் உருவாக்கின பாஸ் லினக்ஸும் இருந்தது. நாங்க முதல்ல செஞ்ச வேலை, அந்தப் பார்ட்டிஷனை அழிச்சு சினிமா ஏத்தினது. கையில கொடுத்தாங்க, சொல்லிக்கொடுக்க ஆள் இல்ல.

இப்ப அந்த ஆள் நாமதான்னு நினைக்கறேன். ஜிம்ப்புக்கு நிரல் எழுதச் சொல்லலை. அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது ஒரு ஸ்டூடியோக்காரர் பக்கத்துல ரெண்டு சாயங்காலம் உட்காருங்க. அவர் திட்டுவார், பொறுத்துக்கங்க. ஆல்பம் வேலைக்கு போட்டோஷாப் இல்லாம முடியாதுன்னா காசு கட்டி வாங்கட்டும், தப்பே இல்ல. கிராக்கை மட்டும் கொடுக்காதீங்க. அப்படியே ஒரு ஹார்டு டிஸ்க் வாங்கிக் கொடுத்து, வேலை முடிஞ்சதும் கழட்டி வைக்கச் சொல்லுங்க.

ஆயா மறுநாள் காலையில வந்தாங்க. சட்டம் போட்ட படத்தைக் கையில வாங்கி, முந்தானையால துடைச்சு, கொஞ்ச நேரம் பார்த்தாங்க. "இன்னும் கொஞ்சம் கறுப்பா இருப்பாரு"ன்னாங்க.

அண்ணன் என்னைப் பார்த்தார். கர்வ்ஸ்ல ரெண்டு இழுப்பு இழுத்து இன்னொரு பிரிண்ட் போட்டுக் கொடுத்தோம் :)