செக்கும் சிவப்புக் கயிறும்

"கொஞ்சம் பார்த்து நடந்திருக்கலாமே மாமா!" டிரெட்மில்லிலிருந்து விழுந்து மணிக்கட்டு முறிந்த முதியவரைக் காண வருவோர், சொல்லிவைத்தாற்போல் உதிர்க்கும் வாசகம் இது. சென்ற கோடையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் மாவுக்கட்டுடன் அமர்ந்திருந்த மாமனார், வந்தவர் ஒவ்வொருவரிடமும் இதனைக் கேட்டுத் தலையசைத்தார். அந்தத் தலையசைப்பே இக்கட்டுரைக்குக் காரணம். தம் பிழை என்று அவர் ஒப்புக்கொண்டது அவர் பிழையன்று; நம் பிழை.

நடந்தது இதுதான். மூக்கிலிருந்து நழுவிய கண்ணாடியைச் சரிசெய்யக் கைப்பிடியை விட்டார். ஒரு கால் ஓரச் சட்டத்தில் பட்டது. மற்றொரு காலை பெல்ட் பின்னுக்கு இழுத்தது. பின்னால் ஒரு முழத்தில் சுவர். சுவருக்கும் பெல்ட்டுக்கும் இடையே அவர் கிடந்தபோதும் பெல்ட் ஓடிக்கொண்டேதான் இருந்தது. அதனை நிறுத்தவல்ல சிவப்புக் கயிறோ, இயந்திரம் வந்த நாளில் சுற்றிவைத்தபடியே கைப்பிடியில் தொங்கிற்று.

அக்கயிற்றின் ஒரு முனையில் சட்டையில் மாட்டும் கவ்வி. மறுமுனையில் இயந்திரத்தில் பொருத்தும் சிறு சாவி. நடப்பவர் பின்னுக்குச் சரிந்தால் சாவி கழன்று பெல்ட் நின்றுவிடும். பொருத்த வந்த இளைஞர் வேகம் கூட்டவும் பாட்டுக் கேட்கவும் கற்பித்தார். கயிற்றைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. நாமும் கேட்கவில்லை.

இவ்வியந்திரத்தின் பூர்வீகம் சிறைச்சாலை. 1818-ஆம் ஆண்டளவில் இங்கிலாந்துப் பொறியாளர் வில்லியம் கியூபிட், கைதிகளைத் தண்டிக்கவென்றே மிதிசக்கரத்தை வடிவமைத்தார். முடிவில்லாப் படிகளில் ஏறிக்கொண்டேயிருப்பதுதான் தண்டனை. வ.உ.சி. கோவைச் சிறையில் இழுத்த செக்கை அறிந்த நமக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. சுழற்றுபவன் ஒருவன், நிறுத்தும் அதிகாரம் உடையவன் மற்றொருவன். உடற்பயிற்சிக்கும் தண்டனைக்கும் உள்ள வேறுபாடு, நிறுத்தும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதே. கயிற்றைக் கைப்பிடியில் சுற்றிவைத்த அன்றே அவ்வுரிமையை நாம் பறித்துவிட்டோம்.

'கவனமாக இருந்தால் போதும்' என்பார் வாதம் நிற்காது. முதுமையில், தடுமாறிய காலை மீட்டு ஊன்றும் விரைவு குறைகிறது. இரத்த அழுத்த மாத்திரைகள் சிலருக்குத் தலைசுற்றலைத் தருகின்றன. இருபார்வைக் கண்ணாடியின் கீழ்ப்பகுதி, காலடித் தரையை மங்கலாக்குகிறது. தெருவில் தடுமாறினால் தரை நின்ற இடத்தில் நிற்கும். இங்கே தரையே ஓடுகிறது. இவையெல்லாம் கவனத்தால் தீரும் குறைகளா?

'பயன்படுத்துவோர்தாம் கவனமாக இருக்கவேண்டும்' என்பது விற்போருக்கும் வசதியான வாதம். அமெரிக்காவில் 2021 ஏப்ரலில் பெலோட்டன் நிறுவனத்தின் 'டிரெட் பிளஸ்' பற்றி அரசின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் எச்சரித்தபோது, நிறுவனம் முதலில் மறுத்தது. மறுமாதமே ஏறத்தாழ 1,25,000 இயந்திரங்களைத் திரும்பப்பெற நேர்ந்தது. பெரியவர், குழந்தை, வளர்ப்பு விலங்கு, பொருள் என இயந்திரத்தின் பின்புறத்தில் இழுக்கப்பட்டதாக வந்த புகார்கள் 72. ஒரு குழந்தை இறந்திருந்தது. அத்தனை பேரும் கவனமற்றவர்களா?

அப்படியானால் இயந்திரத்தைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாமா? வேண்டாம். 65 வயது கடந்தோரும் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலியக்கம் கொள்ளவேண்டும் என்கிறது உலக சுகாதார அமைப்பின் 2020-ஆம் ஆண்டு வழிகாட்டுதல். நடைபாதையைக் கடைகளுக்கும் இருசக்கர வாகனங்களுக்கும் விட்டுக்கொடுத்த நம் ஊர்களில் அவர்கள் எங்கே நடப்பார்கள்? இயந்திரம் இருக்கட்டும், இருக்கவேண்டிய முறையில் இருக்கட்டும்.

பின்னால் ஆறடி வெற்றிடம் விடுங்கள். கூடத்தின் அழகு கெட்டால் கெடட்டும். ஓரச் சட்டங்களில் இரு கால்களையும் ஊன்றி நின்று, மிகக் குறைந்த வேகத்தில் பெல்ட்டை ஓடவிட்ட பிறகே அதில் கால்வைக்கச் சொல்லுங்கள். வேட்டி நுனியும் முந்தானையும் தொங்கலாகாது, வெறுங்கால் கூடாது. ஓடும் பெல்ட்டிலிருந்து இறங்கலாகாது. மருத்துவரைக் கலந்தபின் தொடங்கட்டும். நடக்கும் நேரத்தில் வீட்டில் ஒருவர் இருக்கட்டும். முடிந்ததும் சாவியைக் கழற்றிப் பேரப்பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

எல்லாவற்றிற்கும் முன்னதாக, அந்தக் கயிறு. அதனை அவர்கள் சட்டையில் மாட்டி, கவ்வியைப் பிடித்து ஒருமுறை இழுத்து, பெல்ட் நிற்பதை அவர்கள் கண்ணாலேயே காணச்செய்யுங்கள். பெற்றோருக்குப் பல்லாயிரம் ரூபாயில் இயந்திரம் வாங்கித் தந்ததாகப் பெருமை பேசும் நாம், அதனோடு இலவசமாக வந்த அரைக்கஜக் கயிற்றை அவிழ்த்துத் தராமல், விழுந்தபின் 'பார்த்து நடந்திருக்கலாமே' என்கிறோம். பார்த்திருக்க வேண்டியவர்கள் நாம்.