மழை வருமா மாப்ள?

புரட்டாசி பிறக்கப் போகிறது. ஹாஸ்டலில் ஃபேன் அஞ்சாம் நம்பரில் சுத்தியும் தலையணை நனையுது. ராத்திரி காயப் போட்ட துண்டு காலையில் எடுத்தாலும் ஈரம். மத்தியானம் லேப் முடிச்சு வெளியே வந்தால் சட்டை முதுகோடு ஒட்டிக்குது. இந்த நேரத்தில் நம்ம கிளாஸ் குரூப்பில் ஓடுவது ஒரே கேள்வி: "மச்சி, மழை வருமா? லீவு விடுவாங்களா?"

இந்தக் கேள்வியையே மாத்தணும்னு நான் சொல்கிறேன். ஏன்னா, போன வருஷம் இதே மாதிரி ஒரு சாயங்காலம் இதே கேள்விக்கு நான் பதில் சொல்லி, என் மாமாவுக்கு ஏழாயிரம் ரூபாய் நஷ்டம் வைத்தேன்.

எங்க மாமா மரக்காணத்தில் உப்பளம் குத்தகைக்கு எடுத்துச் செய்கிறார். தை மாசம் பாத்தி கட்ட ஆரம்பிப்பார்கள். ஐப்பசி அடைமழை பிடித்துவிட்டால் எல்லாம் மூட்டை கட்ட வேண்டியதுதான், மறுபடி தையில்தான் வேலை. அதனால் புரட்டாசி அவர்களுக்குக் கடைசி ஓவர் மாதிரி. வெயில் இருக்கிற ஒவ்வொரு நாளும் காசு. வாரிய உப்பை வரப்பு ஓரம் அம்பாரமாகக் குவித்து வைத்திருப்பார்கள். லாரி வருகிற வரைக்கும் அது திறந்த வெளியில்தான் கிடக்கும்.

அன்றைக்கு சாயங்காலம் நாலு மணி இருக்கும். போன் வந்தது. "மாப்ள, மழை வருமா? மேக்கால லேசா கறுக்குது. மூடணும்னா ரெண்டு ஆள நிறுத்தணும்." நான் கேன்டீனில் டீ குடித்துக்கொண்டே போனில் ஆப்பைத் திறந்து பார்த்தேன். சின்னதா ஒரு மேகப் படம், பக்கத்தில் 40 சதவீதம். பாதிக்கும் கீழே. "வராது மாமா, தைரியமா போங்க"ன்னு சொல்லிட்டேன். என்னமோ பெரிய விஞ்ஞானி மாதிரி.

ஏழரை மணிக்கு ஆரம்பித்த மழை அரை மணி நேரம்கூடப் பெய்யவில்லை. ஆனால் பெய்த வரைக்கும் கொட்டியது. அம்பாரம் சரிந்து மேலே இருந்த உப்பு கரைந்து ஓடியது. அதைவிட மோசம் பாத்தியில் நின்ற தண்ணி. உப்புத் தண்ணியை டிகிரியில் அளப்பார்கள். போமே அளவு என்று நாம் படிக்கிறோமே, அதேதான். கடல் தண்ணி சுமார் 3 டிகிரி. வெயிலில் காய்ந்து காய்ந்து 25 டிகிரி பக்கம் ஏறினால்தான் உப்பு விளையும். அதில் மழைத்தண்ணி கலந்தால் பல நாள் வெயிலுக்குப் பாடுபட்டது போச்சு. திரும்பவும் கீழே இருந்து ஏற வேண்டும். மாமா என்னைத் திட்டவில்லை. "பரவாயில்ல மாப்ள, வானத்த யாரு கண்டா"ன்னு சொன்னார். அதுதான் எனக்கு இன்னமும் குத்துது. ஏன்னா அவர் வானத்தைக் கண்டிருந்தார். மேற்கே கறுக்குதுன்னு சொன்னது அவர்தான். அதை நம்ப விடாமல் பண்ணியது நான்.

அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். படித்ததில் ரெண்டு விஷயம் எனக்கு உறைத்தது.

முதல் விஷயம், புரட்டாசி மழையின் குணம். பொன்னுருகக் காயும், மண்ணுருகப் பெய்யும் என்று ஊரில் சொல்வார்கள். பகலில் தாங்க முடியாத வெயில், ராத்திரி இடி மழை. இது வெறும் பழமொழி இல்லை, காரணம் இருக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை நம்ம பக்கம் அடிப்பது மேல்காத்து. மேற்குத் தொடர்ச்சி மலையில் மழையை இறக்கி வைத்துவிட்டுக் காய்ந்துபோய் வரும் காத்து. மதியத்துக்கு மேல் எதிர்ப்பக்கமிருந்து ஈரத்தோடு கடல்காத்து உள்ளே நுழையும். ரெண்டும் முட்டிக்கொள்ளும் இடத்தில் காத்து மேலே ஏறியே ஆக வேண்டும். ஏறினால் குளிரும், குளிர்ந்தால் மேகம், மேகம் வளர்ந்தால் இடி. மேலே அடிக்கிற காத்து மேற்கிலிருந்து என்பதால் அந்த மேகங்கள் கடற்கரையை நோக்கி நகரும். திருவண்ணாமலை, செஞ்சி பக்கம் நாலு மணிக்குக் கிளம்பியது திண்டிவனம் தாண்டி மரக்காணத்துக்கு ராத்திரி வந்து சேரும். மாமா மேற்கே பார்த்தது இதனால்தான்.

ஐப்பசியில் கதையே திரும்பிவிடும். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20 வாக்கில் ஆரம்பிக்கும். சென்னையின் வருஷ மழையில் ஏறக்குறைய 60 சதவீதம் அந்த மூணு மாசத்தில்தான். அப்போது காத்து வடகிழக்கிலிருந்து வரும், மழை கடலிலிருந்து வரும், கடலோரத்தில் பெரும்பாலும் பின்னிரவிலும் விடியற்காலையிலும் வெளுத்து வாங்கும். சாயங்காலம் மேற்கே பார்த்துப் பழகிய கண்ணு அப்புறம் விடியலில் கிழக்கே பார்க்கணும். அந்த மாற்றம் நடக்கிற சில வாரங்கள்தான் இப்போது நம் தலைக்கு மேலே ஓடிக்கொண்டிருக்கிறது. நாம் குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இந்த இடி மேகம் ஒவ்வொன்றும் சில கிலோமீட்டர் அகலம்தான். அதனால்தான் வேளச்சேரியில் குடை பிடிக்கும்போது அடையாறில் புழுக்கம். வானிலை மையம் "ஓரிரு இடங்களில்" என்று சொன்னால் நாம் எவ்வளவு கிண்டல் அடித்திருப்போம்! ரமணன் சார் காலத்து மீம் இன்னும் சுத்திக்கிட்டிருக்கு. ஆனால் அது மழுப்பல் வார்த்தை இல்லை, அதற்கு அளவு இருக்கிறது. அந்தப் பகுதியில் இருக்கும் மழைமானிகளில் 25 சதவீதம் வரை மழை பதிவாகலாம் என்றால் "ஓரிரு". 26 முதல் 50 வரை "சில". 51 முதல் 75 வரை "பல". அதற்கு மேல் போனால் "பெரும்பாலான". எந்த ஓரிரு இடம் என்று காலையிலேயே சொல்ல யாராலும் முடியாது. சாயங்காலம் ரேடார் படத்தைப் பார்த்தால் ஓரளவு தெரியும். மாமா போன் பண்ணியபோது நான் ரேடார் பார்க்கவில்லை. மேகப் படம் போட்ட ஆப் மட்டும்தான் பார்த்தேன்.

ரெண்டாவது விஷயம்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. 40 சதவீதம் என்றால் என்ன? இதே மாதிரி பத்து நாள் வந்தால் அதில் நாலு நாள் மழை பெய்யும். அவ்வளவுதான். "பாதிக்குக் கீழே, அதனால் வராது" என்பது நானே கட்டிவிட்ட கதை. பிராபபிலிட்டி பேப்பரில் நல்ல மார்க் எடுத்தவன் நான், தலை குனிய வேண்டிய விஷயம்.

சரி, 40 என்று தெரிந்தால் மூடணுமா வேண்டாமா? இங்கேதான் கணக்கு வருகிறது. ரெண்டு ஆளை நிறுத்தி தார்ப்பாய் போட மாமாவுக்கு 500 ரூபாய் செலவு. மூடாமல் மழை வந்தால் 7,000 நஷ்டம். 500-ஐ 7,000-ஆல் வகுத்தால் 7 சதவீதம் சொச்சம். மழைக்கான வாய்ப்பு இந்த 7-ஐத் தாண்டினாலே மூடுவதுதான் லாபம். 40 எல்லாம் யோசிக்கவே வேண்டாத நம்பர். அதே சமயம் வாய்ப்பு 2, 3 சதவீதம்தான் என்கிற காய்ந்த சித்திரை நாளில் தினமும் மூடினால் மாசம் 15,000 தண்டம். வானிலைக்காரர்கள் இதைச் செலவு–நஷ்ட விகிதம் என்று ரொம்ப நாளாகவே பேசுகிறார்கள். பெரிய சூத்திரம் ஒன்றும் இல்லை, ஒரே ஒரு வகுத்தல்.

ஆக "மழை வருமா" என்பது பாதிக் கேள்வி. வந்தால் எனக்கு என்ன போகும், தடுக்க எவ்வளவு ஆகும் என்பது மீதிப் பாதி. அந்த மீதி எந்த ஆப்பிலும் இருக்காது, வானிலை மையத்திடமும் இருக்காது. மாமாவுக்கு ஒரு நம்பர், துணி காயப்போடும் நமக்கு வேற நம்பர்.

இதை வைத்துக்கொண்டு 2024 அக்டோபரைத் திரும்பிப் பாருங்கள். 15ஆம் தேதி சென்னையில் நல்ல மழை. 16ஆம் தேதிக்கு ரெட் அலர்ட், பள்ளி கல்லூரிக்கு லீவு. ஜனங்கள் வேளச்சேரி பாலத்தின் மேல் காரைக் கொண்டுபோய் வரிசையாக நிறுத்தினார்கள். கடைசியில் தாழ்வு மண்டலம் சற்று வடக்கே நகர்ந்து போனது, நகரத்தில் பயந்த அளவுக்கு ஒன்றும் இல்லை. உடனே மீம் திருவிழா. நானும் ஒன்று போட்டேன், அழிச்சிட்டேன், தேடாதீங்க. ஆனால் அந்தக் கார்க்காரர்களைப் பார்த்து நாம் சிரித்தது நியாயமா? பாலத்தில் ஒரு ராத்திரி நிறுத்துவதற்கு ஆகும் செலவு ஒன்றுமே இல்லை. தண்ணி உள்ளே போனால் இன்ஜின் வேலைக்கே லட்சக்கணக்கில் ஆகும். 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பெய்ததைப் பார்த்த ஊர் இது. அந்த வகுத்தலை அவர்கள் சரியாகப் போட்டிருந்தார்கள். மழை வராததால் அவர்கள் முட்டாள் ஆகிவிட மாட்டார்கள்.

இங்கே எதிர்வாதமும் இருக்கிறது, அதை ஒதுக்க முடியாது. எச்சரிக்கை பொய்த்தால் நஷ்டமே இல்லை என்று நாம் நினைப்பது நமக்கு அது லீவு என்பதால்தான். நம்ம காலேஜ் வாசலில் டீக்கடை வைத்திருக்கிற அக்காவுக்கு அது பால் திரிந்து போன நாள். கட்டட வேலைக்குப் போகிறவருக்குக் கூலி இல்லாத நாள். அவர்களுடைய வகுத்தலில் மேலே உள்ள நம்பர் பெரிசு. அதனால் "எதுக்கும் லீவு விட்டுடுங்க" என்று ட்விட்டரில் கலெக்டரை டேக் பண்ணுகிற நம்ம பழக்கத்தையும் கொஞ்சம் யோசிக்கணும்.

இன்னொரு எரிச்சல். நம்ம வானிலைப் பேச்சு முழுக்க சென்னைதான். 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. சென்னை தப்பிச்சிடுச்சுன்னு குரூப்பில் ஸ்மைலி ஓடியது. அதே ராத்திரி விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் 24 மணி நேரத்தில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை. மரக்காணத்திலிருந்து அது ரொம்ப தூரம் இல்லை. எங்க வீட்டுக்கு லைன் கிடைக்காமல் நான் ஹாஸ்டல் மாடியில் நடந்துகொண்டிருந்தேன். அதே குரூப்பில் "நாளைக்கு லீவு உண்டா"ன்னு ஒருத்தன் கேட்டிருந்தான். அவன் மேல் கோபம் இல்லை, அவனுக்கு அங்கே யாரும் இல்லை, அவ்வளவுதான்.

நம்மால் என்ன பண்ண முடியும்? தமிழ்நாடு வெதர்மேன் பிரதீப் ஜான் மாதிரி ஆக வேண்டாம். ஆனால் அவரும் வானிலைத் துறை ஆள் கிடையாது, ஆர்வத்தில் பார்க்க ஆரம்பித்தவர் என்பதை மறக்க வேண்டாம். இந்த ஊரில் அந்தப் பழக்கத்துக்கு வயசும் ஜாஸ்தி. நுங்கம்பாக்கத்தில் 1792-லேயே வானாய்வகம் கட்டியிருக்கிறார்கள். இன்றைக்கும் சென்னை வானிலை மையம் அங்கேதான் இருக்கிறது. ஆனால் நுங்கம்பாக்கத்து அளவு நுங்கம்பாக்கத்துக்குத்தான். புரட்டாசி மழையில் நம்ம காலேஜ் மொட்டை மாடியில் எவ்வளவு பெய்தது என்று நாமே அளந்தால்தான் உண்டு.

நானும் ரூம்மேட்டும் ஆகஸ்டில் ஒன்று வைத்தோம். ரெண்டு லிட்டர் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலின் தலையை வெட்டிக் கவிழ்த்து புனலாக்கி, அடிப்பக்கம் வளைவாக இருப்பதால் சிமென்ட் ஊற்றிச் சமப்படுத்தி, பக்கத்தில் பிளாஸ்டிக் ஸ்கேல் ஒட்டியாச்சு. செலவு 40 ரூபாய்க்குள். சுவர் ஓரமாகவோ தண்ணித் தொட்டி மறைவிலோ வைக்கக் கூடாது. காலை 8:30-க்கு அளவு எடுக்கிறோம், வானிலை மையமும் அதே நேரம்தான். ஒரு மில்லிமீட்டர் என்றால் ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர். நோட்டில் தேதி, அளவு, முந்தின நாள் சாயங்காலம் காத்து எந்தப் பக்கம், மேற்கே மேகம் இருந்ததா. அவ்வளவுதான் எழுதுகிறோம். முதல் வாரம் வாட்ச்மேன் அண்ணா குப்பைன்னு நினைச்சு எடுத்துப் போட்டுட்டார். இப்போது அவர்தான் நாங்கள் தூங்கினால் அளவு பார்த்துச் சொல்கிறார்.

வேற பிளாக்கிலும், டே ஸ்காலர்ஸ் வீட்டு மாடியிலும் இப்படி ஒன்று இருந்தால் ஒரே மழை எங்கே எவ்வளவு பெய்தது என்று ஒரு மேப் போடலாம். அக்டோபருக்கு முன்னாலேயே ஆரம்பித்தால் நல்லது. கடல் மழை வந்த பிறகு காத்து திரும்பியது எந்த நாள் என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது.

போன செவ்வாய்க்கிழமை மாமா போன் பண்ணினார். "மாப்ள, மழை வருமா?" ரேடாரில் செஞ்சிக்கு மேற்கே ரெண்டு பொட்டு தெரிந்தது. "கரையில எவ்வளவு கிடக்கு மாமா?" "முப்பது மூட்டை இருக்கும்." "மூடிடுங்க."

அன்று ராத்திரி மரக்காணத்தில் ஒரு சொட்டு விழவில்லை. மறுநாள் காலையில் சிரித்துக்கொண்டே கூப்பிட்டார். "இன்ஜினியரு ஐநூறு ரூபா செலவு வெச்சிட்டாரு." எங்க மாடி பாட்டிலிலும் 0.0, உள்ளே செத்த ஈசல் ரெண்டு. அதையும் நோட்டில் எழுதிவிட்டு, "சாயங்காலம் கறுத்தா இன்னிக்கும் மூடிடுங்க மாமா"ன்னு சொன்னேன்.