"ரெஸ்ட் எடுங்க"ன்னு சொல்றதை முதல்ல நிறுத்துவோம்

போன வாரம் ஓ.பி.க்கு சேலையூர் பக்கத்துல இருந்து ஒரு அக்கா வந்தாங்க. வயசு 34. காது வலின்னு வந்தவங்களை அவங்க அண்ணன் ஏறக்குறைய தூக்கிட்டுத்தான் வந்தார். ஃபைலைப் பார்த்தா 4 வருஷத்துக்கு முன்னாடியே மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்னு கண்டுபிடிச்சு, மருந்து ஒழுங்கா போயிட்டு இருக்கு. அதுக்கப்புறம் புது அட்டாக் எதுவும் இல்ல. ஸ்கேன்லயும் புதுசா ஒண்ணும் இல்ல.

அப்புறம் ஏன் நடக்க முடியல?

"நரம்பு வியாதி, உடம்பை அலட்டிக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரு சார். மாடி வீட்டையே காலி பண்ணிட்டு கீழ் வீட்டுக்கு வந்துட்டோம். தண்ணி கூட நாங்கதான் எடுத்துக் கொடுக்குறோம்." அண்ணன் பெருமையாத்தான் சொன்னார். பாசம்தான், குறை சொல்ல முடியாது. ஆனா அந்தத் தொடையைத் தொட்டுப் பார்த்தேன். சதையே இல்ல. அதுல வியாதி எடுத்துக்கிட்டது கொஞ்சம், நாற்காலி எடுத்துக்கிட்டது நிறைய.

அந்த டாக்டரைத் திட்ட எனக்குத் தகுதி கிடையாது. நான் நியூராலஜிஸ்ட் இல்ல, வெறும் எம்.பி.பி.எஸ். ஹவுஸ் சர்ஜனா இருந்தப்ப நானும் இதே வசனத்தைப் பேசியிருக்கேன்.

எம்.எஸ்.னா என்ன? நம்ம எதிர்ப்பு சக்தியே மூளையிலயும் தண்டுவடத்துலயும் இருக்குற நரம்போட மேலுறையை அரிச்சிடுது. வயர் மேல ரப்பர் உரிஞ்ச மாதிரி. சிக்னல் தடுமாறும்.

இந்த ரெஸ்ட் கதைக்கு ஒரு பூர்வீகம் இருக்கு. 1890ல வில்ஹெல்ம் உத்தாஃப்னு ஒரு ஜெர்மன் கண் மருத்துவர், எம்.எஸ். இருக்குறவங்களுக்கு உடம்பை வருத்தினா பார்வை மங்குறதைக் கவனிச்சு எழுதினார். அதுக்குக் காரணம் உழைப்பு இல்ல, அதனால ஏறுற உடம்புச் சூடுன்னு பின்னாடி தெரிஞ்சது. உரிஞ்ச நரம்புல சூடு ஏறினா சிக்னல் தற்காலிகமா நிக்கும், ஆறினா திரும்பிடும். நரம்பு கெட்டுப் போறதில்ல. ஆனா உலகம் முழுக்க டாக்டர்கள் "உடற்பயிற்சி ஆகாது"ங்கற பாதியை மட்டும் பிடிச்சுக்கிட்டு ரொம்ப வருஷம் ஓட்டினாங்க.

1996ல அமெரிக்காவுல யூட்டா பல்கலைக்கழகத்துக்காரங்க 54 எம்.எஸ். நோயாளிகளை ரெண்டா பிரிச்சு, ஒரு பாதிக்கு 15 வாரம், வாரத்துக்கு 3 நாள் பயிற்சி கொடுத்தாங்க. பயிற்சி செஞ்சவங்களுக்குத் தெம்பும் தசை பலமும் கூடுச்சு. 2014ல 26 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தப்ப, புது அட்டாக் வந்தது பயிற்சி செஞ்சவங்கள்ல 4.6%, செய்யாதவங்கள்ல 6.3%. இதை வச்சு உடற்பயிற்சி அட்டாக்கைத் தடுக்கும்னு நான் சொல்ல மாட்டேன். அதிகமாக்கலங்கறதே எனக்குப் போதும்.

ரீல்ஸ்ல "நரம்பு உறையை மறுபடி வளர வைக்கும் 5 ஆசனம்"னு விக்கிறவங்களுக்கும் இதேதான். மனுஷங்கள்ல அப்படி நிரூபணம் இல்ல. உடற்பயிற்சி மருந்துக்குப் பதில் கிடையாது, மருந்தை நிறுத்திடாதீங்க. அப்புறம் அந்த சிவப்புக் கலர் "நரம்பு ஊசி". அது வைட்டமின் பி12. குறைபாடு இருந்தா போடணும். இல்லாதவங்களுக்கு வாராவாரம் குத்தினா போன தொடைச் சதை வராது.

தாம்பரத்துல உட்கார்ந்து இதை எழுதுறதுல ஒரு வேடிக்கை இருக்கு. 1928ல டாக்டர் சவுரி முத்து இங்க ஆரம்பிச்ச காசநோய் சானடோரியம் பேர்லதான் இன்னைக்கும் ரயில்வே ஸ்டேஷன் இருக்கு. சானடோரியம் காலத்துல டி.பி.க்கு ஓய்வே பாதி வைத்தியம். 1956ல சென்னையில தொடங்கின காசநோய் ஆய்வு மையம் 1959ல என்ன காட்டுச்சு? நல்ல சாப்பாடும் ஓய்வும் குறைவா இருந்தும், வீட்டுல இருந்தே மாத்திரை சாப்பிட்டவங்க சானடோரியத்துல படுத்திருந்தவங்களுக்குச் சமமா குணமானாங்க. எம்.எஸ். வேற வியாதி, தெரியும். ஆனா ஓய்வுங்கற மருந்தைப் பரிசோதிச்சுப் பார்த்த ஊர் இது. நாமளே அதைக் கண்ணை மூடிக்கிட்டு எழுதிக் கொடுக்கலாமா?

ஏன் எழுதுறோம்னா, "ரெஸ்ட்"னு சொல்ல ரெண்டு செகண்ட் போதும். எப்படி எழுந்து உட்காரணும்னு சொல்லிக் கொடுக்கப் பத்து நிமிஷம் ஆகும். வெளியில நூறு பேர் சீட்டோட நிக்கிறாங்க. அதுக்காகத்தானே பிசியோதெரபிஸ்ட் இருக்காங்க? 2021 ஆகஸ்ட்ல வந்த மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கவும் வழி இருக்கு. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தோட 21 வகைகள்ல எம்.எஸ்.ஸும் ஒண்ணு. இதை நோயாளி கேட்டுத்தான் நாம சொல்லணுமா?

எம்.எஸ். இருக்குறவங்களுக்கு: நம்ம ஊர் வெயில்தான் உங்க எதிரி. மே மாசம் 11 மணிக்கு ஜி.எஸ்.டி. ரோட்டுல நடக்கச் சொல்லல (நடக்க அங்க பிளாட்பாரமும் இல்ல). காலையில மொட்டை மாடி, இல்லன்னா ஃபேனுக்கு எதிர்ல. முன்னாடியே ஜில்லுனு தண்ணி, கழுத்துல ஈரத்துண்டு. லேசான, நடுத்தரப் பாதிப்பு இருக்குறவங்களுக்கு வாரம் 2 நாள் அரை மணி நேரம் மூச்சு வாங்குற பயிற்சி, 2 நாள் தசைப் பயிற்சி, இதுதான் 2013 கனடா வழிகாட்டுதல். ஆரம்பத்துல அஞ்சு நிமிஷம் போதும். தடுமாறுறவங்க சுவரைப் பிடிச்சுக்கோங்க. கண் மங்கினா நிறுத்திட்டு ஆறட்டும். புதுசா வந்த தொந்தரவு 24 மணி நேரம் தாண்டியும் இருந்தா அது சூடு இல்ல, உடனே நியூராலஜி போங்க.

அந்த அக்காவை ஸ்டூல்ல இருந்து கையை ஊணாம எழுந்திருக்கச் சொன்னேன். அண்ணன் பதறிப் பிடிக்க ஓடி வந்தார். "கொஞ்சம் தள்ளி நில்லுங்கண்ணே, நான் பக்கத்துலதான் இருக்கேன்"னேன். ரெண்டு தடவை முடியல. மூணாவது தடவை எழுந்து, அஞ்சு செகண்ட் நின்னாங்க. சீட்டுல காதுக்குச் சொட்டு மருந்து, அதுக்குக் கீழ பிசியோதெரபின்னு எழுதியிருக்கேன். வியாழக்கிழமை வரணும்.